ஃபேஷன் தொழில் எப்படி ஓடுது: 60 குர்த்தி போட்டு அடியில இருந்து கத்துக்க ஒரு முழு வழிகாட்டி

சௌகார்பேட்டைல துணி எடுத்து, வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு சின்ன யூனிட்ல தைக்கக் குடுத்து வித்துட்டு இருக்கேன். பெரிய ஆளெல்லாம் இல்ல. ஆனா புதுசா இறங்குறவங்க நெறைய பேர் என்கிட்ட வந்து பேசுவாங்க, முக்கால்வாசி பேரோட முதல் கேள்வி "அக்கா, பிராண்டுக்கு என்ன பேரு வைக்கலாம்?" அப்புறம் லோகோ காட்டுவாங்க. அதுக்கப்புறம் போனைத் திருப்பி ஒரு துணி ரோல் போட்டோ காட்டி "200 மீட்டர் எடுத்துட்டேன்கா, இதுல என்ன தைக்கலாம்?"னு கேப்பாங்க. எனக்கு அப்பவே வயித்தக் கலக்கும்.

இந்தத் தொழில்ல எல்லா வேலையும் முக்கியம்தான், ஆனா எது முன்னாடி எது பின்னாடிங்கிறதுலதான் காசு போகுது. கத்திரி படுற வரைக்கும் எந்தத் தப்பையும் கம்மி செலவுல திருத்தலாம், பட்ட அப்புறம் ஒவ்வொரு தப்பும் அறுபதால பெருகும். அதனால ஒரே ஒரு டிசைன், ஒரே ஒரு காட்டன் குர்த்தி, 60 பீஸ், அத ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நடத்திப் பாருங்க, மொத்த தொழிலும் புரிஞ்சிடும். 60 ஏன்னா, அதுக்குக் கீழ போனா கட்டிங் மாஸ்டர் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாரு, நூறுக்கு மேல போனா முதல் தப்பே தாங்காது.

1. கிளம்புறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல ஆளு. துணி வாங்குறதுக்கு முன்னாடியே தைக்கிற யூனிட்டப் பாத்து வச்சுக்கோங்க. எல்லாரும் இத உல்டாவா பண்றாங்க. அந்த யூனிட்ல ஓரம் பிரியாம தைக்கிற ஓவர்லாக் மெஷின் இருக்கா, பட்டன் ஓட்டை போடுற காஜா மெஷின் இருக்கா இல்ல வெளிய அனுப்புவாங்களா, கட்டிங் டேபிள் எவ்ளோ நீளம், பனியன் துணி தைப்பாங்களா இல்ல தறித்துணி மட்டும்தானா, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் என்ன துணி எடுக்கலாம்னே முடிவு பண்ண முடியும்.

அடுத்து பணம். கீழ ஒரு கணக்கு போட்டிருக்கேன், 60 பீஸுக்கு ஏறக்குறைய 27,000 வரும். கையில 50,000 இல்லாம இறங்காதீங்க, ஏன்னா சரக்கு வித்து காசு வர மூணு நாலு மாசம் ஆகும், நடுவுல சாம்பிள் ரெண்டு தடவை சொதப்பும்.

சின்னச் சின்ன சாமான்: ஒரு ஸ்டீல் ஸ்கேல், அழியாத மார்க்கர், வெள்ளை கர்ச்சீப், தீப்பெட்டி, ஒரு நோட்டு, புது இன்ச் டேப். புதுசுன்னு அழுத்திச் சொல்றேன், பழைய டேப் நாளடைவுல இழுபட்டு நீண்டுடும், அப்புறம் உங்க 40 வேற மாஸ்டரோட 40 வேறன்னு ஆகும். அதோட, உங்களுக்கே நல்லா ஃபிட் ஆகுற ஒரு பழைய குர்த்தியும் எடுத்து வைங்க, அளவுக்கு அதுதான் கைகாட்டி.

2. யாரு யாரு என்ன பண்றாங்க: மேப்ப ஒரு தடவை பாத்துக்கோங்க

இத மனப்பாடம் பண்ண வேண்டாம், ஆனா தெரியலன்னா யார்கிட்ட எதக் கேக்கணும்னு தெரியாம அலைவீங்க.

பஞ்சு நூலாகுறது ஸ்பின்னிங் மில்லுல, நம்மூர்ல கோயம்புத்தூர் பக்கம் அதிகம். நூல் துணியாகுறது ரெண்டு விதம். தறில நீளவாக்குல பாவும் குறுக்குல ஊடையும் போட்டு நெய்யறது ஒண்ணு, ஈரோடு, பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடுதே அது. இன்னொண்ணு பின்னல், அதாவது டி-ஷர்ட், லெக்கிங்ஸ் துணி, அது திருப்பூர். தறித்துணிய மீட்டர்ல விப்பாங்க, பின்னல் துணிய கிலோல விப்பாங்க. கிலோல வாங்கும்போது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்னு கேக்காம வாங்கினா கணக்கே நிக்காது, 180 ஜிஎஸ்எம்னு நெனச்சு 200 வந்துச்சுன்னா அதே கிலோல பீஸ் குறைஞ்சிடும்.

தறில இருந்து வர்ற காடா துணி அழுக்கு வெள்ளையா, மொடமொடன்னு இருக்கும். அது சாயப்பட்டறை, பிரிண்டிங் எல்லாம் தாண்டி வந்தாத்தான் நம்ம கடைல பாக்குற துணி. 2011ல கோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைகள மூடினாங்க, அதுக்கப்புறம் ஒரு சொட்டு கழிவுத்தண்ணி வெளிய விடக் கூடாதுங்கிற ஏற்பாட்டுலதான் ஓடுது. தண்ணிய சுத்தம் பண்ற அந்தச் செலவு மொத்தமும் சாயக் கூலில ஏறுது. அதனால "எனக்கு 30 மீட்டர் மட்டும் இந்த கலர்ல போட்டுக் குடுங்க"ன்னு போய் நிக்காதீங்க, முதல் லாட்டுக்கு, அதாவது ஒரே தடவைல தைக்கிற மொத்த சரக்குக்கு, ரெடியா இருக்குற கலர்லயே எடுங்க.

அதுக்கப்புறம்தான் டிசைன், பேட்டர்ன் (வெட்டுறதுக்கான பேப்பர் அச்சு), கட்டிங், தையல், செக்கிங், கடை. சென்னைல எக்ஸ்போர்ட் ஃபேக்டரிங்க அம்பத்தூர், தாம்பரம் பக்கம் இருக்கு, டிசைன் படிக்கிற பசங்க தரமணி நிஃப்ட் ஃபேஷன் காலேஜ்ல இருந்து வர்றாங்க. இந்தச் சங்கிலிய சுத்தி இன்னொரு கூட்டம் இருக்கு. வெளிநாட்டு கம்பெனிக்காக ஃபேக்டரி தேடித் தர்ற பையிங் ஹவுஸ், ஆர்டர தொடக்கத்துல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் இழுத்துட்டுப் போற மெர்ச்சன்டைசர், அடுத்த சீசன் என்ன கலர்னு முன்கூட்டியே சொல்ற ட்ரெண்ட் கம்பெனிங்க, போட்டோகிராஃபர், மாடல். பாரிஸ், மிலன்ல பிப்ரவரி மார்ச்சுல மேடை ஏறுறது அந்த வருஷக் கடைசி குளிருக்கான துணி, செப்டம்பர்ல காட்டுறது அடுத்த வருஷ வெயிலுக்கு. ஆறு மாசம் முன்னாடியே ஏன்னா, கடைக்காரன் ஆர்டர் போட்டு ஃபேக்டரி தைச்சு அனுப்ப அவ்ளோ நாள் ஆகும்.

உங்க 60 பீஸுல இதுல பாதி வேலை உங்க தலைலதான். டிசைனர், மெர்ச்சன்டைசர், க்யூசி (தரம் பாக்குறவங்க), டெலிவரி பாய் எல்லாம் நீங்களே.

3. யாருக்கு, என்ன விலைக்கு: இத எழுதிட்டு அடுத்த வேலை

"25 வயசுல இருந்து 45 வரைக்கும் எல்லா பொண்ணுங்களுக்கும்"னு யாராச்சும் சொன்னா நான் நோட்ட மூடிடுவேன். தெரிஞ்ச ஒரு ஆளா யோசிங்க. ஓஎம்ஆர்ல வேலை, கம்பெனி பஸ்ல போய் வர்றா, தினம் அயர்ன் பண்ண நேரமில்ல, பாக்கெட் வேணும், கை முழங்கைக்குக் கீழ இருக்கணும், 1,100க்கு மேல குர்த்திக்குக் குடுக்க மாட்டா. இவ்ளோ எழுதினாலே துணி, நீளம், பட்டன், விலை எல்லாம் பாதி முடிவாயிடும்.

விலைய முதல்ல வைக்கணும், செலவு பின்னாடி. செலவு பண்ணிட்டு விலை வைக்கிறவங்க எல்லாம் கடைசில 1,650னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு உக்காந்திருக்காங்க, பக்கத்துக் கடைல அதே மாதிரி 999.

வரியையும் இங்கயே பாத்துடுங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு பீஸ் 2,500 ரூபா வரைக்கும் இருக்குற ரெடிமேடுக்கு ஜிஎஸ்டி 5%, அதுக்கு மேல போனா 18%. அதாவது 2,500 ரூபா துணி வரியோட 2,625, 2,600 ரூபா துணி வரியோட 3,068. அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி விலை வைக்கிறத மறந்துடுங்க.

4. காலண்டர பின்னாடி இருந்து எண்ணுங்க

தீபாவளிக்கு விக்கணும்னா ஆயுத பூஜைக்கு முன்னாடியே சரக்கு கைல இருக்கணும். அப்போ ஆகஸ்ட்ல தையல், ஜூலைல மொத்தத் துணி, ஜூன்ல சாம்பிள். செப்டம்பர்ல துணி எடுத்துட்டு யூனிட்டுக்குப் போனீங்கன்னா மாஸ்டர் உங்க போனையே எடுக்க மாட்டாரு, அவருக்கு பழைய பார்ட்டி ஆர்டர் கழுத்து வரைக்கும் இருக்கும்.

இன்னும் ரெண்டு பள்ளம் இருக்கு. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் சின்ன யூனிட் எல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம்ல மூழ்கிடும். பொங்கலுக்கு டெய்லருங்க ஊருக்குப் போனா சொன்ன நாள்ல திரும்ப மாட்டாங்க, ஒரு வாரம் கூட்டிக்கோங்க. ஆடில புது சரக்கு இறக்காதீங்க, சுத்தி எல்லாரும் தள்ளுபடில விக்கும்போது உங்க முழு விலை எடுபடாது. ஆனா ஆடில உக்காந்து தைக்கலாம், நல்ல நேரம் அது.

5. துணி: இங்கதான் பொறுமையா இருக்கணும்

முதல் நாள் கோடவுன் தெருவுக்குப் போகும்போது காசு எடுத்துட்டுப் போகாதீங்க. சும்மா நாலஞ்சு கடை ஏறி இறங்குங்க. "மேடம், ஹோல்சேலா ரீட்டெய்லா?"னு கேப்பாங்க, ஹோல்சேல்னு சொல்லுங்க, அடுத்து "எவ்ளோ மீட்டர்?"னு வரும், "சாம்பிளுக்கு 5 மீட்டர், ஓகேன்னா 145 மீட்டர்"னு தெளிவா சொல்லிடுங்க. தயங்கினா புது ஆளுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

கடைக்காரர் "சிக்ஸ்டி சிக்ஸ்டி, நைன்டி டூ எய்ட்டி எய்ட்"னு ஏதோ போன் நம்பர் மாதிரி சொல்லுவாரு. முதல் ரெண்டும் நூலோட கவுண்ட், பாவுக்கு ஒண்ணு ஊடைக்கு ஒண்ணு. ஒரு பவுண்டு நூல்ல 840 கெஜ சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருதோ அதான் கவுண்ட், அதனால நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. பின்னாடி சொல்ற 92, 88 ஒரு இன்ச்சுல எத்தனை இழைங்கிறது. கேம்ப்ரிக்னு விக்கிற குர்த்தி காட்டன் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். இழை எண்ணிக்கை குறைஞ்ச துணி விலை கம்மியா இருக்கும், ரெண்டு துவைப்புல வலை மாதிரி ஆயிடும்.

இப்போ டெஸ்ட். இத எல்லாம் 5 மீட்டர்லயே முடிச்சுடணும்.

வெளிச்சம்: கடைக்குள்ள டியூப்லைட்ல கலர முடிவு பண்ணாதீங்க. துணிய வாசலுக்கு எடுத்துட்டு வந்து வெயில்ல பாருங்க. உள்ள கடல் நீலமா தெரிஞ்சது வெளிய பச்சையடிக்கும். கடைக்காரங்களுக்கு இது பழக்கம்தான், கோச்சுக்க மாட்டாங்க.

நெருப்பு: ஓரத்துல நாலு இழை உருவி கொளுத்துங்க. காட்டன் பேப்பர் எரியிற வாசனைல எரிஞ்சு சாம்பலாகும், தொட்டா உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி கருப்பா ஒரு மணி மாதிரி இறுகிடும். பட்டு முடி கருகுற வாசனை. ஆனா ரேயானும் பேப்பர் மாதிரிதான் எரியும், அதனால காட்டனா ரேயானான்னு நெருப்பு சொல்லாது. அதுக்கு நூல எச்சில் தொட்டு ஈரமாக்கி இழுங்க, ரேயான் ஈரத்துல பொசுக்குனு அறுந்துடும், காட்டன் ஈரத்துல இன்னும் கெட்டி.

சாயம்: ஈர வெள்ளை கர்ச்சீப்ப வச்சு பத்து தடவை அழுத்தித் தேய்ங்க. கொஞ்சம் ஒட்டலாம். கர்ச்சீப்பே கலர் மாறினா அந்தத் துணிய ஒதுக்கிடுங்க, அதுலயும் வெள்ளை பைப்பிங் (ஓரத்துல வைக்கிற மெல்லிசு பட்டி) வைக்கிற டிசைன்னா கண்டிப்பா வேணாம்.

சுருக்கம்: இதுதான் எல்லாத்துக்கும் மேல. துணில மார்க்கரால 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கட்டம் போடுங்க, வீட்டுல துவைக்கிற மாதிரியே துவைச்சு, நிழல்ல காயவச்சு, அயர்ன் பண்ணி திரும்ப அளங்க. நீளவாக்குல 47 வந்தா 6% சுருங்குது. நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டும் ஒரே மாதிரி சுருங்காது.

என்னோட முதல் லாட் ரேயான், 46 இன்ச் நீளம், இந்த டெஸ்ட நான் பண்ணல. தைச்சதெல்லாம் சூப்பர், வித்ததும் வேகமா வித்துச்சு. ரெண்டு வாரத்துல மெசேஜ் வர ஆரம்பிச்சுது, முட்டிக்குக் கீழ இருந்தது முட்டிக்கு மேல வந்துடுச்சுன்னு. மாஸ்டர்கிட்ட போய் நின்னேன். அவரு கத்திரிய கீழ வைக்காமலே "ஏம்மா, தண்ணில போட்டுப் பாத்தியான்னு அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன், நீதான் அவசரம் அவசரம்னு நின்ன"ன்னாரு. 43 இன்ச் சொச்சம் இருந்துச்சு திரும்பி வந்த பீஸ் எல்லாம். தப்பு முழுக்க என்னுது.

சுருக்கம் 3%க்குள்ளன்னா பேட்டர்ன்லயே கூட்டிக்கலாம். அதுக்கு மேலன்னா மொத்தத் துணியையும் நனைச்சுக் காயவச்சு அப்புறம் வெட்டணும், இல்ல துணிய மாத்தணும். 145 மீட்டர மொட்டை மாடில காயப் போடுறது எவ்ளோ வேலைன்னு ஒரு தடவை பண்ணினா தெரியும், அடுத்த தடவை துணிய மாத்திடுவீங்க.

ஒரு சிக்கல்: நீங்க 5 மீட்டர் எடுத்து டெஸ்ட், சாம்பிள்னு மூணு வாரம் கழிச்சுப் போனா அந்த ரோல் வித்திருக்கும். அதனால எடுக்கும்போதே "இது ரன்னிங் ஐட்டமா?"ன்னு கேளுங்க. ரன்னிங்னா மறுபடி வரும், ஆனா ஷேட் மாறலாம், பழைய துண்டோட ஒப்பிட்டுத்தான் வாங்கணும். ஒரு லாட்டோட முடியுற சரக்குன்னா கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்து நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, பில்லுல எழுதி வாங்குங்க.

மொத்தத் துணி வந்ததும் உருட்டிப் பிரிச்சுப் பாருங்க. பெரிய ஃபேக்டரில இதுக்கு ஃபோர் பாயின்ட் முறைன்னு ஒண்ணு இருக்கு, குறை 3 இன்ச்சுக்குள்ளன்னா 1 பாயின்ட், 9 இன்ச்சுக்கு மேலன்னா 4 பாயின்ட், 100 சதுர கெஜத்துக்கு 40க்கு மேல போனா ரோல திருப்பி அனுப்புறது வழக்கம். நமக்கு அவ்ளோ வேணாம். ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிண்ட் விட்டுப்போனது எங்க இருக்கோ அங்க கரைல, அதாவது துணியோட நெய்த ஓரத்துல, ஒரு சிவப்பு நூல் கட்டி விடுங்க, வெட்டும்போது மாஸ்டர் அந்த இடத்தத் தாண்டிடுவாரு. கரைய விட்டுட்டு அகலத்தையும் அளங்க, 44 இன்ச்னு சொன்னது உபயோகத்துக்கு 42 சொச்சம்தான் வரும்.

6. சாம்பிள்: ஒண்ணு போதாது

முதல் சாம்பிள் டிசைன் கண்ணுக்கு எப்படி இருக்குன்னு பாக்க. ரெண்டாவது ஃபிட் பாக்க. மூணாவது, அசல் துணி, அசல் பட்டன், அசல் லேபிளோட, தைக்கப் போற அதே யூனிட்ல தைச்சது. இந்த மூணாவதத்தான் பிபி, அதாவது ப்ரீ-ப்ரொடக்ஷன் சாம்பிள்னு சொல்லுவாங்க, அதுல கையெழுத்துப் போட்டு யூனிட்லயே தொங்க விடணும். பின்னாடி "நீங்க இப்படித்தான் சொன்னீங்க"ன்னு வாக்குவாதம் வரும்போது பேசுறது அந்த பீஸ்தான்.

ஃபிட் சாம்பிள பொம்மைல மாட்டிப் பாத்துட்டு ஓகே சொல்றாங்க, அது பத்தாது. நெஜ ஆள் போடணும், கைய மேல தூக்கி பஸ் கம்பியப் புடிக்கிற மாதிரி நிக்கணும், ஸ்கூட்டில உக்காரணும், குனியணும். அக்குள்ல புடிச்சா ஆர்ம்ஹோல் தப்பு, உக்காந்தா ஸ்லிட்ல இழுத்தா ஹிப் தப்பு. அப்புறம் அந்த சாம்பிள ரெண்டு தடவை துவைச்சு மறுபடி போட்டுப் பாருங்க.

அளவு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, எங்க இருந்து எங்க அளக்கணும்னு சேத்து. "செஸ்ட் 40"னு மட்டும் எழுதினா ஆளாளுக்கு ஒரு இடத்துல அளப்பாங்க, "அக்குளுக்கு 1 இன்ச் கீழ"ன்னு எழுதினா ஒரே இடம். எவ்ளோ வித்தியாசம் வந்தா ஏத்துப்பீங்கன்னும் எழுதுங்க, நான் செஸ்டுக்கு அரை இன்ச் வரைக்கும் விடுவேன்.

சைஸ் ஏத்துறதுல எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. செஸ்ட் 36, 38, 40, 42, 44னு ரெண்டு ரெண்டா ஏறும், சரி. ஆனா ஷோல்டரையும் ரெண்டு ரெண்டா ஏத்திடுறாங்க. உடம்பு அப்படி வளராது. ஷோல்டர் சைஸுக்கு அரை இன்ச் மாதிரிதான் ஏறும், கழுத்து இன்னும் கம்மி. இத கவனிக்காம தைச்ச டபுள் எக்ஸ்எல் எல்லாம் தோள்ல இருந்து வழுக்கும். அதனால மீடியம் மட்டும் சாம்பிள் பாக்காம, ரொம்ப சின்னதும் ரொம்ப பெரிசும் ஒவ்வொண்ணு தைச்சுப் பாத்துடுங்க.

7. காஸ்டிங்: வெட்டறதுக்கு முன்னாடி நாள் போட வேண்டிய கணக்கு

நான் ஒரு லாட்டுக்குப் போட்ட கணக்கு மாதிரி ஒண்ணு தர்றேன், ரேட்டெல்லாம் உங்களுக்கு மாறும், முறையப் பாருங்க.

துணி 2.3 மீட்டர், மீட்டர் 105 ரூபா, ஆக 241.50. நூல், பட்டன், லேபிள், கவர் 22. கட்டிங் 12, தையல் 95. பிசிறு வெட்டி, செக் பண்ணி, அயர்ன் பண்ணி மடிக்க 18. கூட்டினா 388.50. அடிபடுற பீஸுக்காக 5% சேத்தா 408. போட்டோ, ஆட்டோ, சாம்பிள் செலவ 60ஆல வகுத்து ஒரு 40. மொத்தம் 448. இந்தச் சாம்பிள் செலவத்தான் எல்லாரும் மறக்குறாங்க, அதுக்கப்புறம் "லாபம் வந்துச்சு ஆனா பேங்க்ல காசில்ல"ன்னு புலம்புறது.

வரி சேத்து 1,099க்கு வித்தா வரி போக 1,047. பொட்டிக்ல வச்சு வித்து அவங்க 35% எடுத்தா உங்களுக்கு 681. பீஸுக்கு 233 நிக்குதேன்னு சந்தோஷமா இருக்கும். இப்போ 60ல 12 பீஸ் விக்கலன்னு வைங்க. 48 பீஸுக்கு வர்றது 32,688, நீங்க போட்டது 26,880. நாலு மாச உழைப்புக்கு 5,808 ரூபா, கூட பீரோல 12 குர்த்தி. இந்த எண்ணப் பாத்தும் இறங்கணும்னு தோணினா இறங்குங்க.

குறைக்கணும்னா தையல் கூலில கை வைக்காதீங்க. 95 ரூபா வேலைய 80க்கு பேசி முடிச்சவங்களுக்கு 80 ரூபா தையல்தான் வரும், அதுவும் கடைசில. பேனல குறைங்க, பைப்பிங்க எடுங்க, மார்க்கர (பேனா இல்ல, துணி மேல பேட்டர்ன் துண்டுகள அடுக்குற வரைபடம்) நெருக்குங்க.

8. கட்டிங்

சைஸ் விகிதத்த முதல்ல முடிவு பண்ணுங்க. எனக்கு ஓடினது ஸ்மால் 6, மீடியம் 12, லார்ஜ் 18, எக்ஸ்எல் 18, டபுள் எக்ஸ்எல் 6. எல்லா சைஸும் 12, 12னு சமமா போட்ட ஒரு பொண்ணுகிட்ட ரெண்டு வருஷம் கழிச்சும் ஸ்மால் கட்டா கிடந்துச்சு.

துணிய லே போட்டதும், அதாவது வெட்ட அடுக்கடுக்கா விரிச்சதும், உடனே வெட்டாம கொஞ்ச நேரம் விடணும், ரோல்ல இழுத்துச் சுத்தியிருக்குற துணி தளர்ந்து தன் நிலைக்கு வரட்டும். பின்னல் துணின்னா ஒரு நாள் பூரா விரிச்சு விடுங்க. அவசரப்பட்டு வெட்டினா வெட்டின அப்புறம் சுருங்கும், மேல் அடுக்கு ஒரு அளவு கீழ் அடுக்கு ஒரு அளவுன்னு வரும்.

பேட்டர்ன்ல போட்டிருக்குற நேர்க்கோடு கரைக்கு இணையா நிக்கணும். துணி மிச்சம் பிடிக்கணும்னு கொஞ்சம் சாய்ச்சு வச்சாங்கன்னா குர்த்தி துவைச்ச அப்புறம் ஒரு பக்கமா முறுக்கிட்டு நிக்கும், அத எந்த அயர்ன் பாக்ஸும் சரி பண்ணாது. பூ எல்லாம் ஒரே திசைல மேல பாக்குற பிரிண்ட்னா பீஸ தலைகீழா வைக்க முடியாது, கட்டம் போட்ட துணின்னா சைடுல கட்டம் சேரணும், ரெண்டுக்கும் துணி அதிகம் குடிக்கும். 2.3 மீட்டர்னு போட்ட கணக்கு அங்கயே உடைஞ்சிடும், அதனாலதான் முதல் லாட்டுக்கு எல்லா திசைலயும் ஒரே மாதிரி தெரியுற சின்ன பிரிண்ட் எடுங்கன்னு சொல்றேன்.

வெட்டினதும் ஒவ்வொரு துண்டுலயும் அடுக்கு நம்பர் ஒட்டணும். 7ம் அடுக்கு முன்பக்கமும் 7ம் அடுக்கு கையும்தான் சேரணும். ஒரே ரோல்லயே ஆரம்பத்துக்கும் கடைசிக்கும் லேசா ஷேட் மாறும், கலந்து தைச்சா கை ஒரு கலர் உடம்பு ஒரு கலர்னு வெயில்ல பளிச்சுனு தெரியும்.

9. தையல்

முதல் மூணு பீஸ் முடியுற வரைக்கும் யூனிட்ட விட்டு நகராதீங்க. டீ வாங்கிக் குடுத்துட்டு அங்கயே உக்காருங்க. தையல் இன்ச்சுக்கு 10ல இருந்து 12 வருதான்னு ஸ்கேல் வச்சு எண்ணுங்க, 7, 8னு இருந்தா டெய்லர் வேகம் பாக்குறாருன்னு அர்த்தம், இழுத்தா சீம் பிளந்து பல் தெரியும். மெல்லிசு காட்டனுக்கு 11 நம்பர் ஊசி, 14 போட்டா தையல் பாதைல ஓட்டை ஓட்டையா தெரியும். மூணு பீஸையும் பிபி சாம்பிளோட வச்சு அளந்துட்டு மீதிய ஓட விடுங்க.

பாதில டிசைன மாத்தாதீங்க. "மாஸ்டர், கைல ஒரு லேஸ் மட்டும் வச்சிடலாமா"ன்னு ஒரு போன் போட்டா 20 பீஸ் லேஸோட, 40 லேஸ் இல்லாம வரும், பழியும் உங்க மேலதான்.

லேபிள், பட்டன் எல்லாம் துணி வாங்குன அன்னைக்கே ஆர்டர் போட்டுடுங்க. மொத்தமும் தைச்சு முடிச்சு, கழுத்து லேபிளுக்காக பத்து நாள் மூட்டை கட்டிக் கிடந்த கதை எனக்கே உண்டு.

10. செக்கிங், பேக்கிங்

எக்ஸ்போர்ட்ல ஏக்யூஎல் 2.5ன்னு, எவ்ளோ குறை வரைக்கும் ஏத்துக்கலாம்னு சொல்ற ஒரு கணக்குப்படி மாதிரிக்கு சில பீஸ் எடுத்துப் பாத்து முழு லாட்டையும் பாஸ் பண்ணுவாங்க. உங்களது 60தான், எல்லாத்தையும் பாருங்க. வெளிப்பக்கம், உள்பக்கம், அளவு, பட்டன் இழுத்துப் பாக்குறது, மெஷின் எண்ணெய்க் கறை, உடைஞ்ச ஊசித்துண்டு. பிசிறு ஒண்ணு தொங்கினாலும் வாங்குறவங்க கண்ணு அங்கதான் போகும்.

அயர்ன் பண்ண சூட்டோட கவர்ல போடாதீங்க. ஆவி உள்ள மாட்டிக்கும், நம்ம சென்னை புழுக்கத்துக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரு மாசத்துல மக்குன வாடையும் புள்ளியும் வந்துடும். தொங்கவிட்டு நல்லா ஆற விட்டு மடிங்க.

11. விக்கிறது

பொட்டிக்ல கன்சைன்மென்ட்ல குடுக்குறதுன்னா வித்த அப்புறம்தான் காசு. எத்தனை பீஸ், என்ன சைஸ், எத்தனை நாள்ல கணக்கு, அழுக்கானா யாரு பொறுப்புன்னு எழுதி வாங்குங்க. ஒரு கடைல நான் வாய்ப்பேச்சுல 15 பீஸ் குடுத்து, ஆறு மாசம் கழிச்சு டிரையல் ரூம் லிப்ஸ்டிக் கறையோட 9 திரும்பி வந்துச்சு.

ஆன்லைன்ல நீங்களே வித்தா மார்ஜின் உங்களுக்கு, ஆனா கூரியர், விளம்பரம், திரும்பி வர்றது எல்லாம் உங்களுக்குத்தான். ஜிஎஸ்டி பொருள் விக்கிறவங்களுக்கு நம்ம மாநிலத்துல வருஷ வியாபாரம் 40 லட்சம் வரைக்கும் கட்டாயமில்ல. ஆனா பெரிய ஆன்லைன் தளத்துல வெளிமாநிலத்துக்கும் விக்கணும்னா எடுத்தே ஆகணும், ஆடிட்டர ஒரு தடவை பாத்துடுங்க. சின்னத் தொழிலுக்கான அரசு பதிவான உத்யம் பதிவு இலவசம், அதுக்கு காசு கேக்குற ஆளுங்கள நம்பாதீங்க.

போட்டோல துணியோட கலர் நெஜத்துல இருக்குற மாதிரியே வரணும், ஃபில்டர் போட்டா லைக் வரும், கூடவே ரிட்டர்னும் வரும். சைஸ் சார்ட்ல உடம்பு அளவா, துணியோட அளவான்னு தெளிவா எழுதுங்க. 40 இன்ச் குர்த்திய 40 இன்ச் உடம்புக்கு வாங்கிட்டு மூச்சு விட முடியலன்னு திருப்பி அனுப்புவாங்க, தப்பு அவங்க மேல இல்ல.

ஒவ்வொரு ரிட்டர்னையும் என்ன காரணம், எந்த சைஸ், எந்த அடுக்கு நம்பர்னு நோட்டுல எழுதுங்க. மூணு பேர் ஒரே இடத்தச் சொன்னா பேட்டர்ன்ல கோளாறு, அடுத்த லாட்டுக்கு துணி எடுக்கப் போறதுக்கு முன்னாடி அந்த நோட்டத் தூக்கிட்டு மாஸ்டர்கிட்ட போங்க.